குழாய்த் தண்ணீரில் குளோரின் நெடியும் மண் வாடையும்: கார்பன் ஃபில்டரை எங்கே, எந்த அளவில் போடுவது?

கேள்வி: தாமான்_வீடு

வணக்கம். வீடு சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தாயில் (இப்போதைய பெஸ்தாரி ஜெயா), செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறது. மாடியில்லாத தெரஸ் வீடு. குழாய்த் தண்ணீர் பார்வைக்குத் தெளிவுதான், வாடைதான் தொந்தரவு. காலையில் குசினிக் குழாயைத் திறந்தால் குளோரின் நெடி அடிக்கிறது. சில வாரங்களில் அதோடு புது மழை விழுந்த மண்ணின் வாடையும் சேர்ந்துகொள்கிறது. தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) கலக்கினால் முதல் மடக்கிலேயே தெரிகிறது. குளியலறைத் தண்ணீரில் இந்த இரண்டும் இல்லை, ஆனால் அடைத்து வைத்த பாத்திரத்தைத் திறந்தது போல ஒரு பழைய வாடை.

ஹார்ட்வேர் கடையில் கேட்டதற்கு, மீட்டருக்குப் பக்கத்திலேயே 10 இஞ்ச் அகலம், 54 இஞ்ச் உயரத்தில் ஒரு டேங்க் வைத்து, உள்ளே முழுக்கத் தேங்காய்ச் சிரட்டைக் கார்பன் போட்டால் வீடு முழுவதுக்கும் தீர்ந்துவிடும் என்கிறார்கள். சரிதானா? அல்லது குசினியில் மட்டும் போட்டால் போதுமா?

இன்னொன்று. அம்மா இருக்கும் பழைய லயத்துப் பக்கம் ஒரு கிணறு உண்டு. தண்ணீர் தே நிறத்தில் இருக்கும். இப்போது துணி துவைக்கவும் செடிக்கும்தான். கார்பன் போட்டால் அது குடிக்கத் தேறுமா?

பதில் 1: சோதனைக்குழாய்

வாங்குவதற்கு முன்னால் எந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று பிரித்துவிடுங்கள். கார்பன் சில வாடைகளுக்குக் கைகண்ட மருந்து; சிலவற்றுக்கு அது ஒன்றுமே செய்யாது. பிரிக்காமல் வாங்குகிறவர்கள்தான் பிறகு "கார்பன் வேலை செய்யவில்லை" என்று குறை சொல்கிறார்கள்.

வாய் அகன்ற, மூடி போட்ட கண்ணாடி ஜாடி மூன்று எடுங்கள். சோப்பு வாசம் துளியும் இருக்கக் கூடாது. கொதிநீரில் அலசிக் கவிழ்த்து வைத்தால் போதும். மீட்டரை அடுத்த குழாய், குசினிக் குழாய், குளியலறைக் குழாய் மூன்றிலும் தண்ணீரை இரண்டு நிமிடம் ஓட விட்டு, பாதி ஜாடி பிடியுங்கள். மூடிய ஜாடிகளை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்க வைத்து, உள்ளே இருக்கும் தண்ணீர் கைபொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 45 டிகிரி அளவுக்கு வரட்டும். பிறகு ஒவ்வொன்றையும் நன்றாகக் குலுக்கி, மூக்கருகில் மூடியைத் திறந்து ஒரே மூச்சு இழுங்கள். சூட்டில் வாடை மேலே கிளம்பி வரும். குளிர்ந்த தண்ணீரில் மூக்குக்குத் தப்பியது இங்கே தப்பாது. கையில் எண்ணெய், பவுடர், வெங்காய வாசம் இருக்கும்போது செய்யாதீர்கள். வீட்டில் இன்னொருவரையும் மோந்து பார்க்கச் சொல்லுங்கள், எந்த ஜாடி எது என்று அவரிடம் சொல்லாமல்.

குளோரின் நெடி மற்ற வாடைகளை மறைக்கும். ஆகவே இன்னொரு ஜாடியில் கலர், சுவை சேர்க்காத விட்டமின் சி பவுடர் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்குங்கள். 1 மி.கி. குளோரினை அழிக்க 2.5 மி.கி. விட்டமின் சி போதும். சிட்டிகை என்பதே தாராளம். குளோரின் உடனே போய்விடும். அதன் பிறகும் மண் வாடை நின்றால், அது தண்ணீரிலேயே இருக்கிறது.

அந்த மண் வாடைக்குக் காரணம் பெரும்பாலும் ஜியோஸ்மின், எம்ஐபி என்ற இரண்டு பொருட்கள். தேங்கிய நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியும் மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரும் இவற்றை உண்டாக்குகின்றன. லிட்டருக்கு 10 நானோகிராம் இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். குளோரின் இவற்றை அசைக்காது. கார்பன் நன்றாகவே பிடிக்கும், ஆனால் தண்ணீர் கார்பனோடு போதிய நேரம் இருக்க வேண்டும்.

குளோரின் கதை வேறு. கார்பன் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. கார்பனின் மேற்பரப்பில் குளோரின் வினைபுரிந்து சாதாரணக் குளோரைடாக மாறிவிடுகிறது. அதனால் ஒரே கார்பன் குளோரினை மிக நீண்ட காலம் போக்கிக்கொண்டே இருக்கும். மண் வாடையைப் பிடிக்கும் நுண்துளைகளோ அதற்கு வெகு முன்பே நிரம்பிவிடும். "குளோரின் இன்னும் வரவில்லை, எனவே கேட்ரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு" என்று கடைக்காரர் சொல்வது குளோரினுக்கு மட்டும்தான் சரி.

உங்கள் குளியலறை வாடை டேங்கி வாடை. இங்கே பெரும்பாலான வீடுகளில் குசினிக் குழாய் நேராக மெயினில் இருந்தும், மற்றவை கூரைக்கு மேல் உள்ள டேங்கியில் இருந்தும் வரும். குளோரின் டேங்கியிலேயே செலவாகிவிட்டது, அடியில் வண்டல் படிந்திருக்கிறது. அதற்குக் கார்பன் தேவையில்லை, டேங்கியைக் கழுவுங்கள்.

மீட்டரில் முழுக்கக் கார்பன் வைக்கும் யோசனை எனக்கு ஏற்புடையதல்ல. நம் மலேசியக் குடிநீர்த் தர அளவுப்படி தண்ணீரில் லிட்டருக்கு 0.2 முதல் 5 மி.கி. வரை குளோரின் மிச்சம் இருக்க வேண்டும், கிருமி வளராமல் காப்பது அதுதான். மீட்டரிலேயே கார்பன் வைத்தால் குளோரின் இல்லாத தண்ணீர் டேங்கிக்குப் போய், வெயிலில் சூடேறி, மணிக்கணக்கில் அங்கேயே கிடக்கும். குளியலறை வாடை இன்னும் கூடும், குறையாது. வெளியில் வைப்பதென்றால் மணல் மட்டும் போட்ட ஃபில்டர் வையுங்கள், கார்பனைக் குசினிக் குழாய்க்கு முன்னால் கடைசியாக வையுங்கள்.

பதில் 2: பழைய_லயம்

அந்தக் காலத்தில் தோட்டத்தில் மண் பானையில் ஆற்று மணலும் அடுப்புக் கரியும் போட்டு வடிகட்டித்தானே குடித்தார்கள். சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி நாமே போட்டுக்கொண்டால் என்ன? காசு மிச்சமாகுமே.

பதில் 3: சோதனைக்குழாய்

ஐயா, அந்த வடிகட்டலில் கலங்கலை எடுத்தது மணல்தான். அடுப்புக் கரிக்கும் ஆக்டிவேட்டட் கார்பனுக்கும் மூலப்பொருள் ஒன்றாக இருக்கலாம், வேலை ஒன்றல்ல. சிரட்டைக் கரியை மறுபடியும் 800 முதல் 1,000 டிகிரி வரை சூடாக்கி, நீராவியைச் செலுத்தி அரிக்க விடுகிறார்கள். அப்போதுதான் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் திறக்கின்றன. ஒரு கிராமுக்குள் 1,000 சதுர மீட்டர் அளவுக்கு உட்பரப்பு கிடைக்கிறது. வீட்டு அடுப்பில் அந்தச் சூடும் வராது, நீராவியும் கிடையாது. சுட்ட கரியில் தாரும் சாம்பலும் மிஞ்சும். சாம்பல் தண்ணீருக்கு உவர்ப்புச் சுவை கொடுக்கும், தார் தன் வாடையையே சேர்க்கும்.

தீர்ந்த கார்பனை வெயிலில் காய வைத்தோ கொதிக்க வைத்தோ திரும்பப் பயன்படுத்துவதும் இதே காரணத்தால் நடக்காது. துளைக்குள் ஏறியதை வெளியேற்றவும் அதே அளவு சூளைச் சூடு வேண்டும்.

பதில் 4: பைப்பு_மேஸ்திரி

குசினியில் எப்படி பாசாங் பண்ணுவது (மாட்டுவது) என்று விவரமாகச் சொல்கிறேன், சாமான் வாங்கப் போகும்போது உதவும்.

வரிசை இது: மெயின் பைப்பில் இருந்து ஒரு பால் வால்வு, அடுத்து 10 இஞ்ச் ஹவுசிங்கில் (ஃபில்டர் வைக்கும் கூடு) 5 மைக்ரான் பஞ்சு ஃபில்டர், அடுத்து 10 இஞ்ச் ஹவுசிங்கில் கார்பன் பிளாக் (கார்பன் தூளை அழுத்திக் கட்டியாக்கிய கேட்ரிட்ஜ்), அதன் பிறகு ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டுச் சின்னக் குழாய், அதை அடுத்து இரண்டாவது கார்பன் பிளாக், கடைசியில் குடிநீருக்கென்று தனிக் குழாய். பஞ்சு ஃபில்டர் முன்னால் இல்லாவிட்டால் துருவும் வண்டலும் கார்பன் பிளாக்கின் மேல் பூசிக்கொண்டு, கார்பன் தீர்வதற்கு முன்பே தண்ணீர் வராமல் அடைத்துவிடும்.

இரண்டு கார்பன் எதற்கு என்று கேட்பீர்கள். நடுவில் இருக்கும் சின்னக் குழாயில் வாரம் ஒருமுறை ஒரு டம்ளர் பிடித்து மோந்து பாருங்கள். அங்கே வாடை தெரிய ஆரம்பித்தால் முதல் கார்பன் தீர்ந்துவிட்டது, ஆனால் இரண்டாவது இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அப்போது முதல் கார்பனைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டாவதை முதலாவது இடத்துக்கு மாற்றி, புதியதைக் கடைசியில் போடுங்கள். தீர்ந்த கார்பன் வழியாக ஒரு சொட்டும் குடிக்க மாட்டீர்கள், ஒவ்வொரு கேட்ரிட்ஜும் முழுசாகப் பயன்பட்ட பிறகுதான் குப்பைக்குப் போகும்.

இடம் இருந்தால், இந்த இரண்டுக்கும் பதிலாக 20 இஞ்ச் உயரம், நாலரை இஞ்ச் அகலமுள்ள பெரிய பிளாக் ஒன்று போடலாம். அதன் கொள்ளளவு சுமார் 4 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட விட்டால் இரண்டு நிமிடம் தண்ணீர் கார்பனோடு இருக்கும். மண் வாடைக்கு இது நல்ல தேர்வு. 10 இஞ்ச் ஹவுசிங்கில் கார்பன் மணிகளை அள்ளிப் போட்டு விற்கும் விலை குறைந்த கேட்ரிட்ஜைத் தவிருங்கள். குலுக்கிப் பார்த்தால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் கார்பனைத் தொடாமலே ஓடிவிடும்.

ஓட்டத்தை அளப்பது சுலபம். ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில் நிறைய 45 வினாடி ஆகும்படி பால் வால்வைத் திருகி வையுங்கள். அதுதான் நிமிடத்துக்கு 2 லிட்டர். குழாயை முழுசாகத் திறந்து வேகமாக விட்டால் குளோரின் போகும், மண் வாடை அப்படியே வரும்.

புது கேட்ரிட்ஜ் போட்டவுடன் வரும் கறுப்புத் தண்ணீர் கார்பன் தூள், கெடுதல் இல்லை. 20 லிட்டர் பாத்திரம் ஒன்று நிறையும்வரை ஓட விட்டு, அதைச் செடிக்கு ஊற்றுங்கள். ஓ-ரிங்குக்குச் சமையல் எண்ணெயோ வாசலினோ தடவாதீர்கள். சில வகை ரப்பர் அதில் உப்பிவிடும். சிலிக்கோன் கிரீஸ் பட்டாணி அளவு போதும். ஹவுசிங்கைக் கையால் இறுக்கினால் போதும், சாவி கழற்றுவதற்கு மட்டும்தான். பிளாஸ்டிக் திருகில் வெள்ளை டேப்பைக் கண்டபடி சுற்றி முறுக்கினால் தலைப்பகுதி விரிசல் விட்டு, நடுராத்திரி பிரஷர் ஏறும்போது பிளந்துகொள்ளும். வெளியூர் போகும்போது பால் வால்வை மூடிவிட்டுப் போங்கள். உள்ளே தெரியும் கண்ணாடி ஹவுசிங்கை வெயில் படும் சுவரில் மாட்டினால் பாசி பிடிக்கும்.

இன்னொரு விஷயம், பலர் கவனிப்பதில்லை. குழாயில் மாட்டும் புது ரப்பர் ஹோஸ், புது வாஷர் இவற்றில் இருந்து கசியும் பீனால் வகைப் பொருட்களோடு குளோரின் சேர்ந்தால் ஆஸ்பத்திரி மருந்து வாடை வரும். ஃபில்டர் மாட்டிய பிறகு புதிதாக மருந்து வாடை வந்தால், முதலில் அந்த ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். குடிநீர்க் குழாய்க்கு உணவுத் தர ஹோஸ்தான் போட வேண்டும்.

டேங்கி கழுவுவதற்கு: தண்ணீரைக் காலி பண்ணி, அடி வண்டலைத் துணியால் துடைத்து எடுங்கள். மீண்டும் நிரப்பி, 1,000 லிட்டருக்கு வாசனை சேர்க்காத 5 சதவீத வெளுப்பு நீர் 1 லிட்டர் ஊற்றுங்கள்; லிட்டருக்கு 50 மி.கி. கணக்கு வரும். குளியலறைக் குழாய்களை நெடி வரும்வரை திறந்து மூடி, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். யாரும் அந்தத் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் காலி பண்ணி இரண்டு முறை அலசுங்கள். கழிவறை கழுவும் ஆசிட் எதையும் இதோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். மூடி பொருந்தவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். பல்லியும் கொசுவும் உள்ளே விழுவது அந்த வழியாகத்தான்.

தாமான்_வீடு:

நன்றி ஐயா, நன்றி அண்ணே. ஜாடிச் சோதனை செய்தேன். மீட்டர்த் தண்ணீரிலும் குசினித் தண்ணீரிலும் ஒரே குளோரின் நெடி. விட்டமின் சி போட்ட பிறகு மண் வாடை நன்றாகத் தெரிந்தது. குளியலறைத் தண்ணீரில் குளோரின் நெடியே இல்லை, பழைய வாடை மட்டும். இரண்டு பிளாக் வரிசையாக வைக்கலாம் என்று இருக்கிறேன். கேட்ரிட்ஜ் அட்டையில் "6 மாதம்" என்று போட்டிருக்கிறது. அதை நம்பலாமா? ஃபில்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கலாமா?

சில நாட்களில் குளோரின் நெடி நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் நிற்பது போல வருகிறது, அது ஏன்?

பதில் 5: சோதனைக்குழாய்

அப்படியானால் முடிவு தெளிவு. இரண்டு பிளாக் சரியான தேர்வு.

6 மாதம் என்பது ஊகக் கணக்கு. சமையலுக்கும் குடிக்கவும் நாளைக்கு 20 லிட்டர் என்றால் 6 மாதத்தில் 3,600 லிட்டர் ஓடும். மண் வாடை வராத காலத்தில் அது தாங்கும். வாடை தொடர்ந்து வரும் காலத்தில் முன்பே தீரும். நடுக் குழாயில் மோந்து பார்ப்பதை நம்புங்கள், அட்டையை நம்ப வேண்டாம். ஒரு விஷயத்தில் மட்டும் அட்டைக் கெடுவை மீறாதீர்கள்: வாடை வராவிட்டாலும், குளோரின் இல்லாத கார்பனில் நுண்ணுயிர் படலம் கட்டும். நம் ஊர் வெப்பத்தில் அது வேகமாகவே வளரும்.

குளோரினைத் தனியாகச் சோதிக்க, நீச்சல் குளத்துக்கு விற்கும் மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்து போதும். முதல் கார்பனுக்கு முன்னால் பிடித்தது மஞ்சளாகும், பின்னால் பிடித்தது நிறமற்று நிற்க வேண்டும். சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அந்த மருந்து வாயில் படக் கூடாது.

கொதிக்க வைக்கத்தான் வேண்டும். கார்பன் கிருமியைக் கொல்லாது; கிருமியைத் தடுத்துக்கொண்டிருந்த குளோரினையும் அதுவே எடுத்துவிடுகிறது. காலையில் முதல் ஒன்றிரண்டு நிமிடத் தண்ணீரைப் பாத்திரம் கழுவ விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடித்துக் கொதிக்க வையுங்கள். ஃபில்டர் தண்ணீரைக் குடத்தில் நாள்கணக்கில் வைக்காதீர்கள்.

தீர்ந்த கார்பனின் ஒரு குணம் தெரிந்திருப்பது நல்லது. வாடை அதிகமாக வந்த காலத்தில் பிடித்து வைத்ததை, பிறகு சுத்தமான தண்ணீர் வரும்போது அது திருப்பி விட ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் தண்ணீரைவிடப் பின்னால் வரும் தண்ணீர் மோசமாக இருக்கும். அப்படித் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.

நீச்சல் குள வாடைக்கு வருகிறேன். ஆற்று நீரில் அமோனியா ஏறும் நாட்களில், குளோரின் அதோடு சேர்ந்து குளோரமீன் ஆகிறது. அதில் சில வகை, வெறும் குளோரினைவிடக் காட்டமாக மூக்கைக் குத்தும். ஆலைக் கழிவு, கால்நடைக் கழிவு, அமோனியா கலந்து பதப்படுத்தும் ரப்பர் பால் கழிவு எல்லாமே ஆற்றில் அமோனியாவை ஏற்றக்கூடியவை. குளோரமீனைச் சாதாரணக் கார்பன் மெதுவாகத்தான் உடைக்கும், குளோரினுக்குப் போதும் நேரத்தைப் போலப் பல மடங்கு வேண்டும். அந்த நாட்களில் குழாயை இன்னும் சிறிதாகத் திறந்து, ஒன்றரை லிட்டர் பாட்டில் நிறைய ஒன்றரை நிமிடம் ஆகும்படி பிடியுங்கள். அடிக்கடி வருகிறது என்றால் இரண்டாவது ஹவுசிங்கில் குளோரமீனை வேகமாக உடைக்கும் கேட்டலிட்டிக் கார்பன் பிளாக் போடலாம்.

இன்னொரு எல்லையும் உண்டு. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் ரசாயனம் கலந்து, சுங்கை சிலாங்கூர் நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகள் மூன்றும் ரந்தாவ் பாஞ்சாங் ஆலையும் நிறுத்தப்பட்டது உங்கள் பகுதிக்குத் தெரிந்ததுதான். சால்வென்ட், டீசல் வாடை தெரிந்தால் வீட்டு ஃபில்டரை நம்பிக் குடிக்கவே கூடாது. கார்பன் அத்தகைய பொருட்களைப் பிடிக்கும்தான். ஆனால் எவ்வளவு வருகிறது, எப்போது நிரம்பும் என்று வீட்டில் யாராலும் அறிய முடியாது. வால்வை மூடுங்கள், புகார் கொடுங்கள். விநியோகம் திரும்பியதும் ஃபில்டரைத் தாண்டிய குழாய்களில் தண்ணீரை ஓட விட்டு, மூன்று கேட்ரிட்ஜையும் புதிதாக மாற்றுங்கள்.

பதில் 6: கிணற்றடி

கிணற்றைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். வடக்குச் சிலாங்கூரில் கரிச்சதுப்பு நிலம் அதிகம். தே நிறம் என்றால் பெரும்பாலும் மக்கிய இலை தழைகளில் இருந்து ஊறிய சாயம். அந்தத் தண்ணீர் புளிப்புத் தன்மையும் உடையது. பிஎச் 4, 5 என்று காட்டும்.

முதலில் அது சாயமா, இரும்பா என்று பாருங்கள். வெள்ளைப் பாத்திரத்தில் புதிதாக இறைத்த தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வையுங்கள். இறைக்கும்போது தெளிவாக இருந்து, காலையில் ஆரஞ்சு வண்டல் அடியில் படிந்தால் இரும்பு. முதலிலிருந்தே பழுப்பாக இருந்து அப்படியே நின்றால் சாயம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இன்னொரு வழி: கொதித்த கிணற்றுத் தண்ணீரில் தே-ஓ கலக்குங்கள். மை போலக் கறுத்துப்போனால் இரும்பு இருக்கிறது. தேயிலைச் சாயமும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம்தான் வரும்.

நேராகக் கார்பனுக்குள் விட்டால் இரண்டுமே கார்பனைக் கெடுக்கும். சாயம் துளைகளை வெகு சீக்கிரம் நிரப்பிவிடும். அதிலும் சிரட்டைக் கார்பனின் துளைகள் மிக நுண்ணியவை, சாயத்தின் பெரிய மூலக்கூறுகள் பல உள்ளேயே நுழையாது. இரும்பு மணிகளின் மேல் துருவாகப் படிந்து கட்டி கட்டியாக ஒட்டவைக்கும்.

சாயத்துக்குப் படிகாரம்தான் முதல் வேலை. 10 கிராம் படிகாரத்தை 1 லிட்டர் நல்ல தண்ணீரில் கரையுங்கள். இதில் 1 மில்லி எடுத்து 1 லிட்டர் கிணற்றுத் தண்ணீரில் விட்டால் அது 10 மி.கி. அளவு. ஐந்து பாட்டிலில் 2, 4, 6, 8, 10 மில்லி என்று விட்டு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு சேர்த்து, பிஎச் தாளில் 6 அருகே நிற்கும்படி பாருங்கள். படிகாரம் தானே தண்ணீரைப் புளிக்க வைக்கும், அதனால் சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் திட்டு கட்டாது. ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு 15 நிமிடம் மெதுவாகவும் கலக்கி, இரண்டு மணி நேரம் தொடாமல் வையுங்கள். எந்தப் பாட்டிலில் பஞ்சு போலத் திட்டு கட்டிக் கீழே இறங்கி மேலே தெளிகிறதோ, அதில் மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். 6 மில்லி பாட்டில் தெளிந்தால், 200 லிட்டர் டிரம்முக்கு 12 கிராம் படிகாரம். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து மணலில் வடித்து, கடைசியில்தான் கார்பன்.

அழுகிய முட்டை வாடை இருந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதற்கும் முதல் மருந்து காற்றுதான். ஷவர் தலை வழியாகப் பூத்தூவலாக டிரம்முக்குள் விழ விடுங்கள், மேலே கொசுவலை கட்டி, காற்று வெளியேற இடம் விடுங்கள். பெரும்பகுதி வாயு பறந்துவிடும், மிச்சத்தைக் கார்பன் பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு செய்து கண்ணாடி போலத் தெளிந்தாலும் குடிக்கலாம் என்று ஆகாது. தோட்டத்துக்குள் களைக்கொல்லி மருந்து அடிக்கிறார்கள். பாராகுவாட் 2020 ஜனவரியில் தடை செய்யப்பட்டது, ஆனால் கிளைபோசேட் புழக்கத்தில் இருக்கிறது. அதைக் கார்பன் சரியாகப் பிடிக்காது. பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகள் இருக்கும் பூமியில் ஆர்செனிக்கையும் பார்க்க வேண்டும், அதையும் கார்பனை வைத்து எடுத்துவிட்டதாகக் கொள்ள முடியாது. உப்பு, நைட்ரேட், அமோனியா எதுவும் கார்பனுக்கு அடங்காது. அங்கீகாரம் பெற்ற லேபில் ஈ.கோலி, ஆர்செனிக், இரும்பு, மாங்கனீஸ், நைட்ரேட், களைக்கொல்லி எல்லாம் சோதித்த பிறகு பேசுவோம். குழாய்த் தண்ணீர் அந்த லயத்துக்கு வருகிறது என்றால், அம்மா குடிக்க அதுவே நல்லது, கிணறு துவைக்கவே இருக்கட்டும்.

தாமான்_வீடு:

புரிந்தது. கிணற்றைக் குடிக்க எடுக்கும் யோசனையை விட்டுவிட்டேன். ஆனால் துவைக்கும்போது வெள்ளைத் துணி பழுப்பேறுகிறது, அதற்காகவாவது படிகாரம் போட்டுப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: கடையில் அந்தப் பெரிய டேங்க்கைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். மணல் போட்டு மீட்டரில் வைக்கலாம்தானே? கிணற்றுத் தண்ணீருக்குப் பின்னால் கார்பன் டேங்க் வேண்டுமென்றால் எவ்வளவு போடுவது?

பதில் 7: பைப்பு_மேஸ்திரி

மணலுக்குத் தாராளமாக வைக்கலாம். கார்பனுக்கு என்றால் கணக்கு இது: அந்த 10க்கு 54 டேங்க்கில் 40 லிட்டர் கார்பன், ஏறக்குறைய 20 கிலோ. முழுக்க ரொப்பிவிடாதீர்கள். மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக இருந்தால்தான் பேக்வாஷ் (தண்ணீரைக் கீழிருந்து மேலாகத் திருப்பி விட்டு அலசுவது) பண்ணும்போது கார்பன் எழும்பிப் பிரிய இடம் இருக்கும். கடைக்காரர் "முழுக்க" என்று சொன்னது இங்கேயும் தப்பு. ஓட்டம் நிமிடத்துக்கு 8 லிட்டர் தாண்டக் கூடாது. அப்போதுதான் 5 நிமிடம் கார்பனோடு இருக்கும். பேக்வாஷுக்கு நிமிடத்துக்கு 20 முதல் 25 லிட்டர் வேண்டும், 20 லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். உங்கள் பம்ப் அவ்வளவு தராவிட்டால் அந்த டேங்க்கை வாங்காதீர்கள், 8 இஞ்ச் டேங்க் எடுங்கள். பலவீனமாகப் பேக்வாஷ் செய்தால் அழுக்கு வெளியேறாது, கார்பன் நடுவே ஓடை விழுந்து தண்ணீர் அந்த வழியாகவே போகும்.

மணி அளவு 12க்கு 40 மெஷ் கேளுங்கள். மூட்டையைத் திறக்கும்போது மாஸ்க் போடுங்கள், கறுப்புத் தூள் நெஞ்சுக்குள் போகும். உள்ளே கொட்டுவதற்கு முன் டேங்க்கின் நடுவே நிற்கும் குழாயின் மேல்வாயை டேப் ஒட்டி அடையுங்கள், இல்லாவிட்டால் கார்பன் அதற்குள் விழுந்து வால்வைக் கெடுக்கும். அடியில் கூழாங்கல் ஒரு அடுக்கு, மேலே கார்பன். தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் ஊற விடுங்கள். துளைக்குள் இருக்கும் காற்று வெளியேறாமல் பேக்வாஷ் கொடுத்தால் கார்பன் மிதந்து டிரெய்ன் வழியாகப் போய்விடும். ஊறிய பிறகு தண்ணீர் தெளியும்வரை பேக்வாஷ், அதன் பிறகே லைனில் இணையுங்கள்.

பதில் 8: சோதனைக்குழாய்

மேஸ்திரி சொன்னதோடு ஒரு பாதுகாப்பு விஷயம். ஈரமான கார்பன் சுற்றியுள்ள காற்றில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். வீட்டு டேங்க்கில் தலை நுழையாது, பயமில்லை. கோயில் அன்னதானக் கூடத்துக்கோ பள்ளிக்கோ ஆள் இறங்கும் அளவு பெரிய டேங்க் வைக்கிறவர்கள், கார்பன் உள்ள டேங்க்குக்குள் தனியாக இறங்கவே கூடாது. காற்றைச் சோதித்து, வெளியே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிய பழைய கார்பன் மணிகளை மண்ணோடு கலந்து பூந்தொட்டியில் போடலாம். கிணற்றுத் தண்ணீரில் ஓடியதை, லேப் அறிக்கை வரும்வரை கீரைப் பாத்திக்குப் போடாதீர்கள்.